பால் வண்டி ஈவர் நிரப்பிய பீப்பாய்

எங்கள் வெஸ்டர்பியில் ஈவரைத் தெரியாத மாடு கிடையாது. பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றிவரும் டாங்கர் லாரியை அவன்தான் ஓட்டுகிறான். வாட்டசாட்டமான ஆள். அவனை வாய் திறக்க வைப்பதற்குள் நமக்குத் தொண்டை வறண்டுவிடும். அப்பேர்ப்பட்ட பால்காரன் வீட்டில் ஒரு சொட்டுப் பால் இருக்காது. மகள் லிவாவுக்குப் பால் ஆகாது. பாதாம், முந்திரி, ஹேசல்நட், வேர்க்கடலை எதுவுமே ஆகாது. நாக்கில் பட்டால் போதும், உதடு வீங்கி மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். ஆஸ்பத்திரியோ மலைக்கு நடுவே கடல் புகுந்த ஃபியோர்டைத் தாண்டி அந்தக் கரையில் இருக்கிறது.

நான் பக்கத்து வீடு. அதனால் தினமும் பார்க்கிறேன். வேலை முடிந்து வந்தால் ஈவர் நேரே வீட்டுக்குள் நுழைய மாட்டான். கொட்டகையில் பூட்ஸ், சட்டை எல்லாவற்றையும் கழற்றிப்போட்டுக் குளித்துவிட்டுத்தான் கதவைத் தட்டுவான். உள்ளேயிருந்து லிவா கத்துவாள்: "சுத்தமா?"

"சுத்தம்!"

அப்புறம்தான் கதவு திறக்கும், அவள் பாய்ந்து கழுத்தைக் கட்டிக்கொள்வாள். ஜனவரிப் பனியிலும் இதே கதைதான். கொட்டகைக் குளியலறையில் வெந்நீர் கிடையாது. அவன் உள்ளே பாடிக்கொண்டே குளிப்பான், பாட்டா அலறலா என்று எனக்கு இன்றுவரை விளங்கியதில்லை. லிவாவின் அம்மா கடலுக்குள் எண்ணெய் எடுக்கிற மேடையில் சமையல்காரி, மாதத்தில் பாதி நாள் அங்கேதான். ஆகவே மகளுக்கு எல்லாமே இவன்தான்.

பிப்ரவரியில் ஃபாஸ்டலவ்ன் திருவிழா வரும். பிள்ளைகள் எல்லாம் வேஷம் கட்டிக்கொண்டு ஊர்க்கூடத்துக்கு வந்து, கயிற்றில் தொங்கும் மரப்பீப்பாயைக் கட்டையால் மாற்றி மாற்றி அடிப்பார்கள். அடிப்பலகை பெயர்ந்து உள்ளே இருக்கிற தின்பண்டமெல்லாம் கொட்டுகிற அந்த நிமிஷத்துக்காகத்தான் முழு வருஷமும் காத்திருப்பார்கள். அந்தக் காலத்தில் பீப்பாய்க்குள் பூனையை அடைத்து அடிப்பார்களாம், அதனால் யார் அடியில் கொட்டுகிறதோ அவள் பூனை ராணி. கடை மிட்டாய்க்கு நடுவே தங்கத்தாள் சுற்றிய ஹேசல்நட் சாக்லேட்டும் ஒரு கைப்பிடி விழும். யார் போடுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. பூனை போட்டது என்று பிள்ளைகள் சொல்லிக்கொள்ளும்.

லிவாவும் வரிசையில் நின்று அடிப்பாள். ஆனால் பீப்பாய் விரிசல் விட ஆரம்பித்ததும் ஈவர் வந்து அவள் சட்டைக் காலரைப் பிடித்துக்கொள்வான். மற்ற பிள்ளைகள் தரையில் விழுந்து புரள்வார்கள். இவள் சுவரோரமாக அப்பா கையில் தொங்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு லிவா என்னிடம் சொன்னாள்: "மார்கிட், இந்த வருஷம் நான் வரல. உன் கோழிங்களோட இருந்துக்கிறேன். அதுங்க என்னைப் பிடிச்சு நிறுத்தாது."

எட்டு வயதுப் பிள்ளை பேசுகிற பேச்சா இது! நான் நேரே ஈவர் வீட்டுக்குப் போனேன். ஊர்க்கூடத்துச் சமையலறைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது, விழா ஏற்பாடும் என் தலையில்தான்.

"ஈவர், இந்த வருஷம் பீப்பாயை நீ நிரப்பு. லிவா தின்னக்கூடியது மட்டும்தான் உள்ள போகணும்."

"மத்த பிள்ளைங்க?"

"மத்த பிள்ளைங்களும் அதையேதான் தின்னும். ருசியா செய்."

"எனக்கு உருளைக்கிழங்கு வேகவைக்கத்தானே தெரியும்."

"அப்போ கத்துக்கோ!"

கடையில் அவளுக்கு ஆகிற தின்பண்டப் பை ஒன்று உள்ளங்கை அளவுதான் இருக்கும், விலையைப் பார்த்தால் ஒரு வேளைக்கு நல்ல மீனே வாங்கிவிடலாம். பீப்பாய் நிறைய அதைப் போட ஊர்க்கூடத்தை விற்க வேண்டியதுதான். ஆகவே எல்லாம் வீட்டிலேயே.

அடேயப்பா, அந்த ஒரு மாதம்! கொண்டைக்கடலையை ஊறவைத்து, வேகவைத்து, அடுப்பில் வறுத்தான். முதல் தடவை வறுத்ததை நான் கடித்தேன், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "ஊர்ப் பல் டாக்டர் உனக்குக் கமிஷன் தர்றாரா?" என்று கேட்டேன். அடுத்த தடவை ஈரத்தை நன்றாகத் துடைத்து, சின்னத் தீயில் வைத்து, பாதியில் குலுக்கிவிட்டான். மொறுமொறுவென்று வந்தது. அதன் மேல் உப்பும் கறுப்பு அதிமதுரப் பொடியும் தூவினான் பாருங்கள், நான் ஒரு கிண்ணத்தைக் காலி பண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

சோளத்தைப் பெரிய மூடிபோட்ட சட்டியில் பொரித்தான். சூரியகாந்தி விதையையும் பூசணி விதையையும் வறுத்தான். ஓட்ஸைப் பாகில் புரட்டி, பட்டைத்தூள் போட்டு, தட்டில் பரப்பிச் சுட்டு உடைத்தான். என் மரத்து ஆப்பிளை வளையம் வளையமாக அரிந்து அடுப்புக்கு மேலே நூலில் கோத்துத் தொங்கவிட்டான். அதிலும் ஒரு கோளாறு. சரியாகக் காயாத ஆப்பிளைப் பொரியோடு கலந்துவிட்டான், காலையில் பார்த்தால் மொத்தமும் நமத்துப்போய்க் கிடக்கிறது. லிவா ஒரு வாய் போட்டுப்பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"ஈர நாய் வாசனை வருதுப்பா."

"ஈர நாயை நீ எப்போ தின்னே?"

"இப்போதான்!"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளுக்கு உற்சாகம் தொற்றிக்கொண்டது. ருசி பார்க்கிற உத்தியோகம் அவளுடையது. கோழிப் பேச்சை அதோடு விட்டுவிட்டாள். அட்டைப்பெட்டிகளை ஒட்டி, வெள்ளி வர்ணம் அடித்து, சக்கரம் எல்லாம் வைத்து, தானே உள்ளே நுழைந்து நிற்கிற மாதிரி ஒரு டாங்கர் லாரி செய்தாள். பால் ஆகாத பிள்ளை பால் வண்டி வேஷம்! எனக்கு அந்தக் குறும்பு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

விழாவுக்கு முன்னால் ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று கறாராகச் சொல்லிவிட்டேன்: "நட்ஸ் எதுவும் கூடத்துக்குள்ள வரக்கூடாது. க்ரீம் பன் எல்லாம் பீப்பாய் உடைஞ்சதுக்கு அப்புறம்தான், அதுவும் பக்கத்து அறையிலதான்." முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்! ஈவர் காகிதக் கூம்புகளில் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, புதுப் பீப்பாயில் அடுக்கி, மூடியைத் தானே ஆணி அடித்தான். மீதி இருந்த கலவையை மூடிபோட்ட வாளிகளில் கூடத்துச் சமையலறையில் வைத்தான், பெரியவர்கள் காபியோடு கொறிப்பதற்கு.

அன்று கூடம் நிரம்பி வழிந்தது. கடற்கொள்ளையர் நாலு பேர், ஒரு தேனீ, ஒரு தீயணைப்புக்காரன், பேய் வேஷத்தில் எங்கள் பாதிரியம்மாவின் மகள் தியா, எல்லோருக்கும் முன்னால் வெள்ளி நிறத்தில் மின்னிக்கொண்டு நம் பால் வண்டி. பீப்பாயை உத்தரத்தில் தொங்கவிடுவது ஓலுஃப். பழைய கொல்லர், பிள்ளைகள் என்றால் உயிரை விடுகிற மனுஷன். கயிற்றை முடிந்துவிட்டு லிவாவிடம் குனிந்து கண்ணடித்தார்.

"இந்த வருஷம் பூனை உனக்காக ரெண்டு மடங்கு போட்டிருக்கு, பாரு!"

நான் குறுக்கே பாய்ந்தேன்.

"என்ன போட்டிருக்கு? ஓலுஃப், என்ன போட்டே?"

"சும்மா இரு மார்கிட். வருஷா வருஷம் போடுறதுதான், கயிறு போற ஓட்டை வழியா. தங்கத்தாள் சாக்லேட்."

"நட்ஸ் கூடாதுன்னு தொண்டை கிழியக் கத்தினேனே, காது எங்க போச்சு?"

"கேட்டுச்சே! அதனாலதான் பாதாமை வீட்டிலயே வெச்சிட்டு வந்தேன். இது வெறும் சாக்லேட்."

"அதுக்குள்ள என்ன இருக்கு? கோழி முட்டையா?"

அவர் "ஹேசல்…" என்று சொல்லும்போதே முகம் வெளுத்துப்போயிற்று. கையில் இருந்த சுத்தியல் கீழே விழுந்தது. "ஐயோ, நான் குழந்தையைக் கொன்னிருப்பேனே!"

திட்டலாம் என்று நான் எடுத்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். ஈவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கிற, லிவாவுக்கான அவசர ஊசிமருந்தை ஒரு தரம் தொட்டுப்பார்த்துக்கொண்டான். அவ்வளவுதான். அடிக்கத் தயாராகப் பிள்ளைகள் வரிசையில் நின்றன. மத்தளம் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். லிவா தன் லாரிக்குள்ளிருந்து கையை நீட்டி, கம்பியில் மாட்டியிருந்த கோட்டை எடுத்தாள். அழவில்லை. அவளுக்கு இதெல்லாம் பழக்கம்.

"வீட்டுக்குப் போலாமாப்பா?"

அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. எனக்கு வந்தது பாருங்கள் கோபம்!

"ஒருத்தரும் வீட்டுக்குப் போகக்கூடாது!" என்று கத்தினேன். மத்தளம் நின்றுவிட்டது. "பெரியவங்க பீப்பாய் எங்க? இன்னும் நிரப்பலையே?"

நிரப்பவில்லை! பிள்ளைகள் முடித்தபிறகு ஆரஞ்சுப் பழம் போட்டுப் பெரியவர்கள் அடிக்கிற பீப்பாய் அது, வராந்தாவில் காலியாக, புதுசாக நின்றது. ஓலுஃப் அதைத் தூக்க ஓடினார்.

"நில்லு!" என்றான் ஈவர். அன்றைக்கு அவன் குரலை ஊரே கேட்டது. "முதல்ல கையைக் கழுவு. முழங்கை வரைக்கும். ஸ்வெட்டரையும் கழட்டு."

ஓலுஃப் உள்சட்டையோடு நின்று முழங்கை வரை சோப்புப் போட்டார். சாக்லேட் பீப்பாயை நான்கு பேர் தூக்கி வெளியே முற்றத்தில் வைத்தார்கள். தியாவின் அம்மா தரையைத் துடைத்தாள். புதுக் கயிறு வந்தது. நானும் ஈவரும் வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கூம்பு சுற்ற நேரம் ஏது! அப்படியே கொட்டினோம். சோளப்பொரி, கொண்டைக்கடலை, விதை, ஓட்ஸ், ஆப்பிள் எல்லாம் சரசரவென்று உள்ளே இறங்கியது. பீப்பாய் மேலே ஏறியதும் கூடம் இடிகிற மாதிரி கைதட்டினார்கள்.

பெரியவர்கள் பீப்பாய் ஓக் மரத்தில் செய்தது. பிள்ளைகள் அடித்தார்கள், அடித்தார்கள், அது நான் அசைவேனா என்று தொங்கியது. ஒரு சுற்று போயிற்று. இரண்டாவது சுற்றும் போயிற்று. தேனீயின் இறக்கை ஒன்று பிய்ந்தது. தீயணைப்புக்காரனுக்கு வியர்த்து ஊற்றியது. ஓலுஃப் ஏணி போட்டு ஏறி, அழுதுகொண்டே இரும்பு வளையம் இரண்டைத் தட்டிக் கழற்றினார். லிவாவின் முறை வந்தபோது கட்டையை ஓங்கி விட்டாள் ஓர் அடி! பலகையில் கீறல் விழுந்தது.

"பிளந்துடுச்சு! பிளந்துடுச்சு!"

அடுத்தது பேய். தியா இரண்டு கையாலும் கட்டையைச் சுழற்றினாள். டமார்! அடிப்பலகை பெயர்ந்து பறந்தது. பொட்டலமாக இருந்திருந்தால் தொப் தொப்பென்று விழுந்திருக்கும். இது பொழிந்தது. பிள்ளைகள் தலையில், தோளில், தொப்பியில், கூடம் முழுக்கச் சோளப்பொரி! நான் குதித்தேன், ஆமாம், இந்த வயதில், இந்த முழங்காலோடு குதித்தேன்.

ஈவரின் கை தன்பாட்டில் நீண்டது. பழக்கம். லிவாவின் காலரைப் பிடித்தான். ஆனால் அவன் பிடித்தது அட்டை லாரியின் கழுத்தை. லிவா கீழ்வழியாக நழுவி வெளியே பாய்ந்தாள். வெறும் டாங்கரைக் கையில் தூக்கிக்கொண்டு அவன் நிற்கிறான், அவள் அங்கே கடற்கொள்ளையர் காலுக்கிடையில் வயிற்றால் வழுக்கிப் போய்க்கொண்டிருக்கிறாள்!

இரண்டு கையாலும் வாரினாள். வாயில் திணித்தாள். பக்கத்திலிருந்த பேயோடு ஓர் ஆப்பிள் வளையத்துக்குச் சண்டை பிடித்தாள், அதில் ஜெயித்தாள். "கறுப்புக் கடலை எனக்கு, அது எங்கப்பா செஞ்சது!" என்று அதிகாரம் வேறு. கூடத்தில் இருந்த அம்மா அப்பாக்கள் எல்லோரும் வழக்கம்போலப் பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே ஈவரின் குரலும் எழும்பியது, கூரை அதிர:

"லிவா! தரையில கிடக்கிறதை எடுத்துத் திங்காதே! அழுக்கு!"

லிவா நிமிர்ந்து பார்த்தாள். முடி முழுக்கப் பொரி, உதட்டைச் சுற்றிலும் கறுப்பு அதிமதுரப் பொடி.

"வெறும் அழுக்குதானேப்பா!"

ஈவர் அட்டை லாரியை ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பெரிய உடம்பை மடக்கித் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கீழே கிடந்த கடலை ஒன்றைப் பொறுக்கி, ஊதிக்கூடப் பார்க்காமல் வாயில் போட்டுக்கொண்டான்.