கையில் அரிப்பு என்று சொன்ன பொய்

புதுத்துணியின் கஞ்சி வாசனை... அதோடு என் மேலேயே அடித்த லோஷன் வாசனை. தி.நகரில் சேல்ஸ்கேர்ளாக நின்ற முதல் தீபாவளியை நினைத்தால் இன்றும் இந்த இரண்டும் சேர்ந்துதான் மூக்கில் ஏறும்.

வயது இருபத்தொன்று. மூன்றாவது மாடி, சுடிதார் செக்‌ஷன். நாள் முழுக்க நின்றே வேலை. "உங்களுக்கு எடுப்பா இருக்கும் மேடம்" என்று வாய் சிரிக்கும். கீழே அரிப்பு உயிரை வாங்கும்.

வெள்ளைப்படுதல் கொஞ்சம் எல்லாருக்கும் உண்டு என்று தெரியும். இது அப்படி இல்லை. கட்டி கட்டியாக, திரிந்த பால் மாதிரி. பாத்ரூம் போனால் எரிச்சல். காயத்துக்குப் போடுகிற லோஷனைத் தண்ணீரில் ஊற்றி தினமும் கழுவினேன். எரிச்சல் கூடியதுதான் மிச்சம்.

யாரிடமும் சொல்லவில்லை. தப்பு செய்தவளுக்குத்தான் இதெல்லாம் வரும் என்று எங்கேயோ காதில் விழுந்திருந்தது. நான் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனாலும் பயம்... வீட்டில் அப்போதுதான் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். கல்யாணமாகாத பெண் லேடி டாக்டரிடம் போனாள் என்று தெரிந்தால், எங்கள் மயிலாப்பூர் காம்பவுண்டில் ஆறு குடித்தனமும் ஆறு கதை கட்டும்.

ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன்.

"அண்ணா, அரிப்புக்கு மருந்து."

"எங்கம்மா?"

"கை... கையில."

"காட்டு."

டியூப்லைட்டுக்கு நேராக என் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். கை பளிச்சென்று இருந்தது.

"ஒண்ணியும் காணோமே?"

"அப்பப்ப வந்து போவும்ணா."

படைக்குப் போடும் களிம்பைக் கொடுத்தார். அதைப் போய் அங்கே பூசினேன் பாருங்கள்... அப்பப்பா, அந்தக் கதை வேண்டாம்.

மறுநாள் என்னோடு நின்ற ஸ்டெல்லா கண்டுபிடித்துவிட்டாள். சாந்தோம்காரி, என் வயதுதான். "இன்னாடி, கால மாத்தி மாத்தி நிக்கிற? இன்னா ஆச்சு உனக்கு?"

துணிக்கட்டுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டே சொன்னேன்.

"இதுக்கா அழுவுற? எங்க அக்காவுக்கும் வந்துச்சு. ஆஸ்பத்திரில காட்னா, சரியாப் பூட்ச்சு. நாளிக்கு காலைல லஸ் ஸ்டாப்புல நில்லு. நான் வரேன்."

வந்தாள். அரிப்பு ஆரம்பித்துப் பத்தொன்பதாவது நாள் அது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் இடத்தில் நீளமான கியூ. எங்கள் முறை வந்தது.

"இன்னாம்மா உடம்புக்கு?"

"தலைவலி சார்."

ஸ்டெல்லா இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். "நான் சொல்ல மாட்டேன். உனக்கு வாய் கீது இல்ல? நீ சொல்லு."

காதெல்லாம் சூடாகிவிட்டது.

"கீழ அரிப்பு சார்... வெள்ளையா கட்டி கட்டியா படுது."

இடி விழவில்லை. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பன்னெண்டாம் நம்பர் ரூம். அடுத்தது யாரு?"

இத்தனை நாள் நான் செத்துப் பிழைத்தது இந்த ஒரு வரிக்குத்தானா!

பன்னிரண்டாம் நம்பர் டாக்டர் பரிசோதித்துவிட்டு, "பூஞ்சைத் தொற்றும்மா. கல்யாணம் ஆகாதவங்களுக்கும் வரும். லோஷன், களிம்பு எல்லாத்தையும் தூக்கிப் போடு. வெறும் தண்ணியில வெளிப்பக்கம் கழுவினா போதும்" என்றார். நாற்றம் அடித்தாலோ, அடிவயிறு வலித்துக் காய்ச்சல் வந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் வரச் சொன்னார். கடைசியில் ஒரு கேள்வி. "உள்ளாடைய எங்க காயப்போடுற?"

மொட்டைமாடிக் கொடியில், பாவாடைக்கு அடியில்... யார் கண்ணிலும் படாமல். எங்கள் காம்பவுண்டில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். பாதி ஈரத்தோடு எடுத்துப் போட்டுக்கொள்வோம்.

"வெயில்ல போடு" என்றார். அவ்வளவுதான்.

மாத்திரையில் ஒரே வாரத்தில் சரியானது. ஆனால் எனக்கு மருந்து அந்தச் சீட்டுக் கவுன்ட்டரிலேயே கிடைத்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது. அன்று மதியம் செக்‌ஷனில் நான் நின்ற நிமிர்வைப் பார்த்திருக்க வேண்டும்... அதற்கப்புறம் எந்த டாக்டரிடமும் எதையும் மழுப்பியதில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

இப்போது அடையாறில் இருக்கிறோம். பால்கனிக் கொடியில் எல்லாத் துணியும் வெயிலைப் பார்த்தபடிதான் காய்கிறது. காம்பவுண்டும் இல்லை, நின்று பேச அந்தத் துணிக்கட்டும் இல்லை. ஸ்டெல்லாவோடு போன் மட்டும்தான். அது ஒரு ஏக்கம்.

போன வாரம் காலை. இட்லியைப் பிட்டுக்கொண்டே என் மகள் சொன்னாள்: "அம்மா, ரெண்டு நாளா கீழ அரிக்குது, எரியுது. டாக்டர பாத்துட்டு அப்படியே காலேஜ் போறேன்."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் நிமிரவில்லை. "சிக்னல்ல செம டிராஃபிக். சீக்கிரம் கெளம்பு."

அவள் போனதும் ஸ்டெல்லாவுக்கு போன் போட்டேன். மகள் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.

கடைசி வரை கேட்டாள். அப்புறம் சொன்னாள்.

"உன் பொண்ணுக்கு வாய் கீதுடி."