மதகடியில் நின்றவன்

எண்பதுகளின் கடைசியில் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் எட்டு வரிச் செய்யுள் ஒன்று இருந்தது. ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பால் ஊற்ற வருகிறவருக்குக்கூட அது மனப்பாடம். ஏரிக்கரையில் மதகைப் பார்த்துக்கொள்ளும் ஆள் ஒருவன். மேகம் திரள்கிறது, கொக்குகள் கலைகின்றன, தண்ணீரின் நிறம் மாறுகிறது. மதகைத் திறக்கும் கம்பி அவன் கையில் இருக்கிறது. அவன் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறான். அதோடு செய்யுள் முடிந்துவிடும். அதற்குமேல் கவிஞர் ஒன்றும் சொல்லவில்லை. மிச்சத்தை ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது இதுதான்: இயற்கை அழகில் மயங்கிக் கடமையை மறக்கலாகாது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் இதையே சொன்னார். கடையில் விற்கும் நோட்ஸிலும் இதே வரிதான் இருக்கும். அதைச் சந்தேகப்பட எனக்கு நேரமும் இல்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஊறவைத்த அரிசி, ஐந்து மணிக்கு நின்றுவிடும் குழாய்த் தண்ணீர்.

என் கணவர் தொழிற்சாலையில் ஆட்களை மேற்பார்க்கும் சார்ஜ்மேன், திருநெல்வேலிக்காரர். அவருக்கு அந்தச் செய்யுளில் ஒரே ஒரு சந்தேகம்தான்.

“அவனுக்கு மேல இருக்கவன் எங்க போனாம்? ஒருத்தன் இம்புட்டு நேரம் சும்மா நின்னா நாங்க மெமோ குடுத்துருவோம்லா.”

எதிர் பிளாக்கில் ஒரு பெண் இருந்தாள். பக்கத்து ஊர் பருத்திப்பட்டுக்காரி, அந்த ஊர் ஏரிக்குப் பக்கத்தில் பயிர் வைத்திருந்த குடும்பம். அவள் புருஷன் தொழிற்சாலையில் என் கணவரின் பிரிவில் வேலை பார்த்தவர். மஞ்சள்காமாலை வந்து, கவனிக்காமல் விட்டு, இருபது நாளில் போய்விட்டார். அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, ஒரு பெண் குழந்தை. செத்தவரின் வேலை மனைவிக்குக் கிடைக்கும் என்றார்கள். பத்தாவது பாஸ் என்றால் உடனே ஸ்டோர்ஸில் போடுவார்கள். இல்லாவிட்டால் இடம் காலியாகும்போது பார்க்கலாம், அதுவரை காத்திருக்க வேண்டும். ஆனால் குவார்ட்டர்ஸ் காத்திருக்காது, வருஷக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அவளோ பத்தாவது நடுவில் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துகொடுக்கப்பட்டவள்.

“அண்ணன் ஊட்டுக்குப் போவலாம் டீச்சர். போனா அண்ணி ஒரு வார்த்தையும் சொல்லாது. அது சொல்லாம கீறதுதான் எனக்கு பயமா கீது,” என்றாள்.

பிரைவேட்டாக எழுதுவது என்று முடிவாயிற்று. மற்றப் பாடங்களுக்கு டுடோரியல் போனாள். தமிழுக்கு மட்டும் சாயங்காலம் நாலரை மணிக்கு என் வீட்டுக்கு வந்துவிடுவாள். கணக்கெல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. தமிழில்தான் தடுமாறினாள். ஆகவே நிச்சயம் வரும் கேள்விகளாகப் பொறுக்கிக் கொடுத்தேன். அந்த எட்டு வரிச் செய்யுளின் மையக்கருத்து எந்த வருஷமும் தவறாது, ஐந்து மதிப்பெண். ஆறு வரியில் விடையை நானே எழுதி மனப்பாடம் பண்ணச் சொன்னேன். அவள் படித்துவிட்டு நோட்டை மூடினாள்.

“இது தப்பு டீச்சர்.”

எனக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷமாகத் தமிழ் எடுக்கிறவளிடம் தமிழில் தடுமாறுகிறவள் சொல்கிறாள்.

“எது தப்பு?”

“அந்த ஆளு வேலையை மறந்து நிக்கல. வேலையத்தான் பாத்துகினு கீறான். எங்க நைனாதான் எங்க ஏரிக்குத் தண்ணி பாத்தவரு. மய வந்தா கரைல போயி நிப்பாரு. தண்ணி எவ்ளோ வேகமா ஏறுது, கலங்கி வருதா தெளிஞ்சி வருதா, அந்தாண்ட கறுப்பு எந்தப் பக்கம் நவுருது, கொக்கு எங்க போயி ஒக்காருது, எல்லாம் பாக்கணும். அடையாளக் கல்லு முழுவுற வரைக்கும் மதகுல கை வைக்கக் கூடாது. முன்னாடியே தொறந்தா கோடைக்குத் தண்ணி நிக்காது. லேட்டா தொறந்தா கரை பூடும். கம்பிய கைல வச்சிகினு சும்மா நிக்கிறதுதான் அதுல கஷ்டமே.”

“அப்போ அழகு?”

“அழகாத்தான் இருக்கும். அதுக்கு இன்னா பண்றது?”

என் கணவர் உள்ளேயிருந்து வந்து, “அப்பம் அது இன்ஸ்பெக்‌ஷன் டூட்டில்லா,” என்று கட்சி மாறிவிட்டுப் போனார்.

எனக்கு அவள் சொன்னது மனதில் பட்டது. பட்டுவிட்டதே என்று கோபமும் வந்தது. “இதோ பாரும்மா, நீ சொல்றது சரியாவே இருக்கட்டும். பரீட்சைல நோட்ஸில இருக்கிறதை எழுது. உனக்கு வேலை வேணுமா, நியாயம் வேணுமா?” என்று கேட்டேன். “வேலதான்,” என்றாள். ஆறு வரியையும் ஒப்பித்தும் காட்டினாள்.

ஏப்ரலில் பரீட்சை எழுதிவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள். அந்தக் கேள்வி வந்திருந்தது.

“எழுதினியா?”

“எயுதினேன். ஆனா நீங்க குடுத்தது இல்ல.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

“பேனாவ எடுத்தேன் டீச்சர். கடமையை மறந்தான்னு எயுதணும். எங்க நைனாவ நானே எப்டி அப்டி எயுதுறது?”

அவளைத் திட்டினேன். அவள் குழந்தையின் பெயரை இழுத்து, செத்துப்போனவர் பெயரையும் இழுத்துத் திட்டினேன். வாங்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அடுத்த மாதம் விடைத்தாள் திருத்த என்னைப் போட்டார்கள். எந்த ஊர்த் தாள் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. நம் பக்கத்துத் தாள் நமக்கு வராது என்பது மட்டும் தெரியும். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. கையில் அச்சடித்த விடைக்குறிப்பு கொடுத்துவிடுவார்கள். அந்தச் செய்யுளுக்கு, இயற்கை அழகைச் சொல்லியிருந்தால் ஒன்று, கடமை தவறியதைச் சொல்லியிருந்தால் மூன்று, நடைக்கு ஒன்று என்று போட்டிருந்தது.

மூன்றாம் நாள் ஒரு தாள் வந்தது. கையெழுத்தைப் பார்த்தால் சின்னப் பிள்ளை எழுதியது போல இல்லை. பேனாவை அழுத்திப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக நட்டிருந்தார்கள். மதகுக்காரன் நிற்பதே அவன் கடமை, தண்ணீரைப் பார்க்கத் தெரியாதவன்தான் உடனே ஓடிப்போய்த் திறப்பான் என்று எழுதியிருந்தது. எந்த மாவட்டமோ. அங்கேயும் ஏரி இருந்திருக்கும்.

தாளை எடுத்துக்கொண்டு முதன்மைத் தேர்வாளரிடம் போனேன். நல்ல மனிதர், எனக்கு மூத்தவர், யாரையும் கடிந்து பேசமாட்டார்.

“சார், இதுக்கு எவ்வளவு போடலாம்?”

படித்துப் பார்த்தார். “குறிப்புல இருக்காம்மா?”

“இல்ல சார். ஆனா இப்படியும் பொருள் வருது.”

“வரும், வரும். நாலு பேருக்கு நாலு பொருள் வரும். அதுக்குத்தானேம்மா குறிப்பு குடுத்திருக்காங்க. டீ வந்துடுச்சு, கட்டை முடிச்சிடுங்க.”

கொக்கைப் பற்றி ஒரு வரி இருந்ததால் ஒரு மதிப்பெண் போட்டேன். மொத்தத்தைக் கூட்டினேன். முப்பத்துமூன்று. இன்னும் இரண்டு இருந்தால் பாஸ். இன்னொரு தடவை கூட்டினேன், அதேதான் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அன்று வீடு திரும்பும்போது குழாயடியில் நின்றிருந்தாள். “என்ன மாரி எயுதினவங்க யாராச்சும் இருந்தாங்களா டீச்சர்?” என்று கேட்டாள். “இல்ல,” என்றேன்.

ஜூனில் அவளுக்கு மார்க் ஷீட் தபாலில் வந்தது. கணக்கில் எண்பத்தொன்று. தமிழில் முப்பத்திரண்டு. அதை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், அப்படித் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

“திருத்தினவங்கள குத்தம் சொல்லக் கூடாது டீச்சர். அவங்க வேலைய அவங்க சரியாத்தான் பாத்துகிறாங்க.”

அதற்குமேல் என்னால் முடியவில்லை. அந்தத் தாளைப் பற்றிச் சொன்னேன். ஒன்று போட்டதையும், கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மார்க் ஷீட்டை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள்.

“அவங்க பாஸா?”

“இல்ல.”

“செப்டம்பர்ல மறுபடி எயுதறப்போ எனக்கு நீங்க கீறீங்க, எத எயுதணும்னு சொல்றதுக்கு. அவங்களுக்கு யாரு கீறாங்க?”

அவள் நோட்டைத் திறந்து அந்த ஆறு வரியை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

செப்டம்பரில் அதே கேள்வி மறுபடி வந்தது. ஆறு வரியையும் ஓர் எழுத்து மாறாமல் எழுதினாள். பாஸ் ஆனாள். வருஷம் முடிவதற்குள் ஸ்டோர்ஸில் சேர்ந்துவிட்டாள், வீடும் அவள் பேரிலேயே நின்றது. அதற்குப் பிறகு பல வருஷம் எதிரெதிரே குடியிருந்தோம். எல்லாம் பேசுவோம், அந்தச் செய்யுளைப் பற்றி மட்டும் பேசியதில்லை.

செப்டம்பர்த் தாளைத் திருத்தவும் என்னைப் போட்டிருந்தார்கள். இந்தத் தடவை யார் என்ன சொன்னாலும் சரி, அப்படி ஒரு விடை வந்தால் ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டு, மெமோ கொடுத்தால் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டு போனேன். ஒவ்வொரு கட்டிலும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டினேன். என் கட்டு முடிந்த பிறகு பக்கத்து மேஜைக்காரர்களின் கட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒருவர்கூட அப்படி எழுதவில்லை. எல்லாரும் சரியாகவே எழுதியிருந்தார்கள்.