கதவண்டை போகும் பாடம்

அமிர்தவள்ளிக்கு அந்த வருஷம் வேண்டியிருந்ததெல்லாம் ஒரு நாற்காலி. வேலூரில், மிஷன் பெண்கள் விடுதியின் தையல் அறையில் அது காலியாகக் கிடந்தது. அதில் உட்கார்ந்திருந்த அம்மாள் மகனோடு இருக்கப் போய்விட்டாள். அந்த வேலை கிடைத்தால் காலையில் உட்கார்ந்து சாயங்காலம் எழுந்திருக்கலாம். பிள்ளைகள் துணியை எடுத்துக்கொண்டு அவளிடம் வரும். அவள் யாரிடமும் போகவேண்டியதில்லை.

இப்போது போவதுதான் அவள் வேலையாக இருந்தது. வாணியம்பாடியில் தோல் வியாபாரிகளின் வீடுகளுக்குள் போய், வெளியாள் கண்ணில் படாமல் கோஷாவில் இருக்கும் பெண்களுக்கு இங்கிலீஷும் தையலும் சொல்லித் தருவாள். உபதேசியாராக இருந்த புருஷன் காலராவில் போன பிறகு மிஷன் கொடுத்த பிழைப்பு. அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை, நடந்தாள். இப்போது நாற்பத்தெட்டு. முட்டி இரண்டும் வீங்கி, உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் மடக்க முடியவில்லை. ஆவாரம்பட்டை ஊறும் தொட்டிகளைத் தாண்டி, வண்டி வண்டியாகப் பச்சைத்தோல் இறங்கும் சந்துகளில், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போவாள். அந்த நாற்றம் அவளுக்குப் பழகிப்போயிற்று. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இருந்த உயரமான படிதான் பழகவில்லை.

தையல் அறை வேலையை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க வேண்டியவள் புது மிஸ்ஸியம்மா. அந்த வெள்ளைக்காரி மதராஸில் ஒரு வருஷம் தமிழ் படித்து, அச்சுப் புஸ்தகம் மாதிரி பேசுவாள்.

"அமிர்தவள்ளி, வாயினால் மாத்திரம் கற்பித்தல் போதாது. கையும் காலும் கற்கவேண்டும்" என்று சொல்லி, ஒரு புது முறையைக் காட்டிக் கொடுத்தாள். எதையும் செய்துகொண்டே சொல்ல வேண்டும். மிஸ்ஸியம்மா தானே எழுந்து நடந்தாள். "ஐ ஆம் கோயிங் டு தி டோர்." கதவண்டை போய்க்கொண்டிருக்கிறேன். கைப்பிடியைப் பிடித்தாள். "ஐ ஆம் ஓபனிங் தி டோர்." திறந்துகொண்டிருக்கிறேன். "மார்ச் மாதத்தில் நான் வந்து பார்ப்பேன். மாணவிகள் நன்றாய்ச் சொன்னால், வேலூரைக் குறித்து யோசிப்போம்."

முறை நல்ல முறைதான். ஆனால் அதை எழுதியவர்கள் யாரும் ஹலீமா பீயின் வீட்டுக்குள் வந்ததில்லை.

ஹலீமா பீ பெரிய தோல் மண்டிக்காரரின் மனைவி. பாடம் படித்தது அவள் மருமகள் ஜஹீருன்னிசா. பையன் மதராஸ் பெரியமேட்டில் தோல் கம்பெனிக்காரர்களோடு வியாபாரம் செய்கிறவன், பெண்டாட்டிக்கு நாலு வார்த்தை இங்கிலீஷ் வேண்டும் என்று ஆசைப்பட்டான். பாடம் நடக்கும்போதெல்லாம் ஹலீமா பீ வெற்றிலைப் பெட்டியோடு பக்கத்திலேயே இருப்பாள். முதல் நாள் கதவுப் பாடத்துக்கு அர்த்தம் கேட்டதும் பெட்டியைப் பட்டென்று மூடினாள்.

"தோபா! எம் மருமவ கதவண்டை போறேன், கதவத் தொறக்கறேன்னு வாயால சொல்றதா? தெருவுல போறவன் கேட்டா இன்னா நெனைப்பான்?"

"இங்கிலீஷ்லதான பீயம்மா சொல்றா."

"தெருவுல போறவனுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு யாரு சொன்னா உனக்கு? டேஷன்ல மூட்ட தூக்கறவன் பேசறான்."

கதவு போய்க் கிணறு வந்தது. வீட்டுக்குள்ளேயே இருந்த கிணறு. ஐ ஆம் கோயிங் டு தி வெல். ஐ ஆம் டிராயிங் வாட்டர். ஜஹீருன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சொல்லிக்கொண்டே நடந்து, சொல்லிக்கொண்டே சேந்தினாள். இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் ஹலீமா பீ வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள்.

"போறேன், போறேன், போறேன். வீட்டுக்கு வாழ வந்த பொண்ணு காலங்காத்தால இதையே சொன்னா வீடு வௌங்குமா? போய்ட்டு வர்றேன்னு சொல்லச் சொல்லு."

அப்படியாக ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் "ஐ ஆம் கமிங் பேக்" என்று ஒரு வரி சேர்ந்தது. கிணற்றடிக்குப் போனாலும் அடுப்படிக்குப் போனாலும் திரும்பி வருகிறேன் என்று சொல்லியாக வேண்டும்.

அதே கோயிங் டுவை வைத்து இனிமேல் செய்யப்போவதையும் சொல்லலாம் என்று அமிர்தவள்ளி காட்டிக் கொடுத்தபோது, ஜஹீருன்னிசாவுக்கு ஏதோ பூட்டு திறந்த மாதிரி ஆயிற்று. அந்த வீட்டில் அவள் என்ன செய்யப்போகிறாள் என்பதை மற்றவர்கள்தான் சொல்வார்கள். இப்போது அவள் தலையைக் குனிந்துகொண்டு, மாமியாருக்கு முன்னாலேயே, "ஐ ஆம் கோயிங் டு ஸ்லீப்" என்றாள்.

"இன்னா சொல்றா?" என்றாள் ஹலீமா பீ.

"துணி தைக்கப் போறாளாம்" என்றாள் அமிர்தவள்ளி. பெண்ணின் தோள் சிரிப்பில் குலுங்கியது. அமிர்தவள்ளிக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வீட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

மிஸ்ஸியம்மா வருகிற அன்று காலையில், அண்ணன் பெண்டாட்டி ஜெயம்மாள் அவள் முட்டியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பொண்ணு ஒழுங்கா சொல்லிடுமா?"

"சொல்லிடும் அண்ணி. மாமியார் சும்மா இருந்தா போதும்."

"சும்மா இருக்கறதுக்கா மாமியார் ஆனாங்க?" என்றாள் ஜெயம்மாள். "போ. போய் அந்த நாற்காலிய வாங்கிக்கினு வா."

மிஸ்ஸியம்மா ஜட்காவில் வந்து இறங்கினாள். சர்பத் கொடுத்தார்கள். ஜஹீருன்னிசா கிணற்றுப் பாடத்தைத் தடங்கலில்லாமல் சொல்லி முடித்து, திரும்பி வந்து, "ஐ ஆம் கமிங் பேக்" என்று உட்கார்ந்தாள். இந்தக் கடைசி வரி தன் முறையில் இல்லையே என்று மிஸ்ஸியம்மா புருவத்தை உயர்த்தினாள். பிறகு, "இப்பொழுது, கதவண்டை போ" என்றாள்.

பெண் அசையவில்லை. மிஸ்ஸியம்மா மறுபடியும் சொன்னாள். ஜஹீருன்னிசா மாமியாரைப் பார்த்தாள், மாமியார் கூரையைப் பார்த்தாள். மிஸ்ஸியம்மாவிடம் எதைச் சொல்ல? இந்த வீட்டில் இருபது வயதுப் பெண் தெருக்கதவண்டை போகமாட்டாள், பாடத்துக்காகக்கூடப் போகமாட்டாள் என்றா? அப்புறம் என்ன பாடம் நடத்தினாய் என்று கேட்பாளே?

ஹலீமா பீ கையை ஊன்றி எழுந்தாள். "அவ போமாட்டா. நான் கெழவி, நான் போலாம்." வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நடந்தாள். "அயாம் கோயிங் டோரு." தாழ்ப்பாளை எடுத்தாள். "அயாம் ஓப்பனிங் டோரு." வெளியில் ஜட்காக்காரன் நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "டேய், எட்டப் போய் நில்லுடா பேமானி!" கதவைச் சாத்தினாள். "அயாம் கம்மிங் பேக்" என்று வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தாள்.

மிஸ்ஸியம்மா கைதட்டிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தில் தமிழை மறந்து, அமிர்தவள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் சொன்னாள். "ஐ ஆம் கோயிங் டு டேக் யூ டு வேலூர்."

ஒரு மூச்சு விடுகிற நேரம் அமிர்தவள்ளி மனசுக்குள் அந்த வேலூர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மீ!" என்றாள் ஜஹீருன்னிசா. அந்தப் பெண் வெளியாள் பேசிய இங்கிலீஷை முழுசாகப் புரிந்துகொண்டது அதுதான் முதல் தடவை. "டீச்சரம்மாவ வேலூருக்கு அழைச்சிக்கினு போகப் போறாங்களாம்!"

ஹலீமா பீ அமிர்தவள்ளி பக்கம் திரும்பினாள். உருதும் தமிழும் கலந்து, மிஸ்ஸியம்மாவுக்கு ஒரு வார்த்தையும் பிடிபடாத வேகத்தில் பொரிந்தாள். "எங்க அழைச்சிக்கினு போறது? இன்னொருத்தி வருவா, சின்னப் பொண்ணு, ஊர்க் கதையெல்லாம் பேசுவா. என் வூட்டுக்காரரு ஒத்துக்க மாட்டாரு. உனக்குக் கதவத் தொறக்கறதுக்கே எனக்கு ஒரு வருஷம் ஆச்சி. நீ இல்லன்னா பாடமும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு சொல்லு. சொல்லும்மா."

"இவர்கள் என்ன சொல்லுகிறார்கள்?" என்றாள் மிஸ்ஸியம்மா.

நல்ல செய்தி கேட்டுச் சந்தோஷப்படுகிறார்கள் என்று சொல்லலாம். துணி தைக்கப் போகிறாள் என்று சொன்ன வாய்தானே. ஆனால் ஜஹீருன்னிசா அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு வார்த்தையையும் பிடித்துக்கொள்ளத் தயாராக. அவளை அப்படிப் பார்க்கப் பழக்கியதும் அமிர்தவள்ளிதான்.

"ஷீ இஸ் ஆஸ்கிங் யூ நாட் டு டேக் மீ" என்றாள்.

காரணத்தையும் சொன்னாள், ஒரு வருஷக் கதவையும் சேர்த்து. சொல்லும்போதே மிஸ்ஸியம்மாவின் முகம் கனிந்து வருவதைக் கண்டாள். அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். நல்லவர்கள் நமக்கு இன்னும் கொஞ்சம் வேலை கொடுக்கப் போகும்போது வருகிற முகம்.

"அப்படியானால் உன்னை எப்படி எடுப்பேன்? இப்பேர்ப்பட்ட ஊழியம் இங்கே நடக்கிறதே. தையல் அறைக்கு வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளுவோம்."

"முட்டி வலி இருக்குதுங்க அம்மா" என்றாள் அமிர்தவள்ளி. அதை இங்கிலீஷில் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

"கர்த்தர் பெலன் தருவார்" என்று மிஸ்ஸியம்மா ஜட்காவில் ஏறினாள்.

ஹலீமா பீ போரில் ஜெயித்தவள் மாதிரி வெற்றிலை மடித்து நீட்டினாள். "பாத்தியா? உன்ன விட்டுடுவனா? மூஞ்சி ஏன் வாடிப்போச்சி?"

"வேலூர்ல உக்காந்த எடத்துல வேல பீயம்மா."

ஹலீமா பீயின் கை அப்படியே நின்றது. "அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க எங்க பேச உட்டீங்க?"

பிறகு ஹலீமா பீ, தன் வீட்டு ஜட்காவை இனி தினமும் அனுப்புகிறேன் என்றாள். மனசாரத்தான் சொன்னாள். ரம்ஜான் வரைக்கும் ஜட்கா வந்தது. அப்புறம் மண்டிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வருகிற நாள் வரும், வராத நாள் வராது.

மிஸ்ஸியம்மா வந்துபோன அன்றைக்கு அமிர்தவள்ளி அங்கிருந்து நேராக அடுத்த மாணவி அஜீஸுன்னிசாவின் வீட்டுக்கு நடந்தாள். ஏன் இவ்வளவு நேரம் என்று அந்தப் பெண் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், படியைப் பிடித்து ஏறி, கேட்காமலே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள். எந்த வீட்டிலும் அவள் அப்படி உட்கார்ந்ததில்லை. மாணவி நடந்தால் கூடவே நடந்து காட்டுவதுதான் வழக்கம்.

"எழுந்திரும்மா" என்றாள். "அடுப்பண்டை போ. உலையை வை, அரிசியைக் கழுவு, எல்லாத்தையும் செஞ்சிக்கினே சொல்லு. நான் இங்கிருந்தே கேக்கறேன்."

"நீங்க வரலியா டீச்சரம்மா?"

"நான் வர்ல. நீ போ."