ஆடிக்கு முன்னால் விட்ட வேலை

ஆடி பிறந்து நான்காம் நாள், திங்கட்கிழமை காலையில், என் கணவரும் நானும் ஆடிட்டர் அம்மாவின் அலுவலகத்துக்குச் சந்தோஷமாகப் போனோம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய யாரும் சந்தோஷமாகப் போவதில்லை. எங்களுக்குக் காரணம் இருந்தது. போன புரட்டாசியில் என் கணவரின் பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுத்தபோது, பத்து சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பியிருந்தார்கள். கணக்குக் காட்டினால் அது திரும்பி வந்துவிடும் என்று நம்பினோம். வந்தால் ஷெட்டுக்கு.

சிங்காநல்லூரில் வாடகைக்கு எடுத்த ஷெட் அது. பம்பு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த வேலையை விட்டு, பழைய சி.என்.சி. லேத் கடைசல் இயந்திரம் ஒன்றை வாங்கி அவர் அங்கே போட்டிருந்தார். ஷெட்காரர் இந்த மாதத்துக்குள் கூடுதல் அட்வான்ஸ் கேட்டிருந்தார். கொடுக்காவிட்டால் காலி செய்ய வேண்டும். அத்தனை எடையுள்ள இயந்திரத்தைப் பெயர்த்து இன்னோர் இடத்தில் நிறுத்துவதற்கே ஒரு மாத வருமானம் போய்விடும். அதற்குள் ஆர்டர் கொடுக்கிறவர்களும் வேறு பட்டறை பார்த்துக்கொள்வார்கள்.

ஆடிட்டர் அம்மா கம்ப்யூட்டரில் ஏதோ பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எப்பங்க வேலைக்குச் சேந்தீங்க?"

நான்தான் பதில் சொன்னேன். எங்கள் வீட்டில் தேதி என்றால் என்னைத்தான் கேட்பார்கள். ஆவணி முதல் வெள்ளிக்கிழமை என்று சொல்லி, ஆங்கிலத் தேதியையும் வருடத்தையும் சொன்னேன். விட்டது ஆனி கடைசி வாரம்.

ஆடிட்டர் அம்மா மேசைக் காலண்டரில் விரலை ஓட்டினார். "அஞ்சு வருசம் முடியலீங்களே."

"முடிஞ்சுதுங்க," என்றார் என் கணவர். "கிராஜுவிட்டியே குடுத்துட்டாங்க. அஞ்சு வருசம் இல்லாமயா குடுப்பாங்க?"

"கிராஜுவிட்டிக்கு நாலு வருசத்துக்கு மேல ஒரு எட்டு மாசம் போனாப் போதுமுங்க, அஞ்சுன்னு எடுத்துக்குவாங்க. பி.எஃப்.புக்கு அப்படிக் கிடையாது. வரி இல்லாம எடுக்க அஞ்சுன்னா அஞ்சும் முடியணும். இதுக்கு முன்னால எங்கியாச்சும் இருந்தீங்களா? அந்த பி.எஃப்.பை இதுல மாத்தியிருந்தா அந்த வருசமும் சேருமுங்க."

"ஒரு மில்லுல இருந்தேனுங்க. அதைக் கல்யாணத்துக்கு எடுத்துப்போட்டேன்."

என் கணவரின் கண் என் கழுத்துப் பக்கம் வந்து போனது. அந்தப் பணம் அங்கேதான் இருந்தது.

பிறகு ஆடிட்டர் அம்மா சொன்னதை நான் பாதிதான் கேட்டேன். கம்பெனி போட்ட பங்கும் அதன் வட்டியும் சம்பளத்தோடு சேருமாம். எங்கள் பங்குக்கு வருடா வருடம் வாங்கிய வரிக் கழிவும் திரும்பிப் போகுமாம். "அந்த வருசங்களை எல்லாம் திரும்பத் திறந்து, பி.எஃப்.னு ஒண்ணே இல்லாத மாதிரி வரி போடணுமுங்க." இவ்வளவு மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. முடிந்துபோன வருடங்களை யாரும் தொட முடியாது என்று நினைத்து வாழ்கிறவள் நான். பழைய கல்வெட்டுகளைப் பற்றிய புத்தகங்களைத் தேடிப் படிப்பதே அதற்காகத்தான்.

பிடித்த பத்து சதவீதம் திரும்பி வராது. அதைப் போல இன்னொரு மடங்குக்கும் மேல் நாங்கள் கட்ட வேண்டும்.

"ஒண்ணு கேக்கறேன்," என்றார் ஆடிட்டர் அம்மா. "உடம்புக்கு முடியாம வேலையை விட்டு நின்னீங்களா? அப்படின்னா வரி இல்லை."

என் கணவருக்கு முதுகுவலி உண்டு. பத்து வருடமாகத் தைலம் தேய்க்கிறேன். அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"இல்லீங்க," என்றார். "நானாத்தான் நின்னேன். சந்தோசமா நின்னேன்."

திரும்பும்போது வண்டி எங்கள் வீதியைத் தாண்டி ஒண்டிப்புதூர் வரை போய்விட்டது. அவரும் கவனிக்கவில்லை; பின்னால் உட்கார்ந்திருந்த நானும் சொல்லவில்லை.

வேலையை ஆனியில் விட்டதற்கு ஒரே காரணம் ஆடிதான். ஷெட் ஆனியில் காலியாயிற்று. ஆவணி வரை அதைச் சும்மா வைத்திருக்க ஷெட்காரர் ஒப்பவில்லை. ஆடியில் தொழில் தொடங்கக் கூடாது என்று கோபிசெட்டிபாளையத்திலிருந்து மாமனார் சொன்னார். பஞ்சாங்கம் பார்த்து ஆனி கடைசி முகூர்த்தத்தைக் குறித்துக் கொடுத்தவள் நான். அதற்கு இரண்டு நாள் முன்பு அவர் கம்பெனியிலிருந்து நின்றார். இன்னும் ஐந்தாறு வாரம் இருந்திருந்தால் ஐந்து வருடம் முடிந்திருக்கும்.

மாமனாரிடம் மறைக்க முடியவில்லை. மறுநாள் போனில் சொன்னேன். வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார் போல. மோட்டார் சத்தம் கேட்டது.

"நான் ஆடியில தொடங்க வேண்டாம்னுதானே கண்ணு சொன்னேன்? வேலைக்குப் போக வேண்டாம்னு சொன்னனா?"

"இல்லீங் மாமா."

"ஆனியிலயே ஊட்டுல பாலைக் காச்சிப்போட்டுப் பூட்டி வெச்சுட்டு, ஆவணியில குடி போறதில்லையா சனங்க? அது மாதிரி ஷெட்டுக்குப் பூசையைப் போட்டுப் பூட்டிப்போட்டு, அவன் பாட்டுக்கு வேலைக்குப் போயிருக்கலாமில்ல?"

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டுக்கே நாங்கள் அப்படித்தான் பால் காய்ச்சினோம். காய்ச்சியது நான். இரண்டு மாத வாடகைதான் வீணாகியிருக்கும். ஆடிட்டர் அம்மா சொன்னதைக் கேட்டபோதுகூட இப்படி ஆகவில்லை எனக்கு.

கணவரிடம் சொன்னதற்கு, "அட, ஆமா," என்றார். அப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை வரியைக் கட்டினோம். அட்வான்ஸுக்கென்று ஒதுக்கியிருந்ததும் அதோடு போயிற்று. அன்று மாலையே ஷெட்காரரைப் பார்க்கப் போனோம். அவர் கட்டிலில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். இவர் நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, "காலி பண்ணோணும்னா சொல்லிருங்க," என்றார்.

"இப்பப் பண்ணி?" என்றார் ஷெட்காரர். "ஆடியில யாருங்க புதுசா வருவாங்க? ஷெட்டு சும்மாத்தானே கெடக்கும். ஆவணி பொறக்கட்டும், குடுங்க. அதுக்கு மேல தள்ளாதீங்க." இரண்டு கைப்பிடி கடலையை என் முந்தானையில் போட்டார்.

வெளியே வந்ததும் இவர் சிரித்தார். திங்கட்கிழமைக்குப் பிறகு அன்றுதான். "நம்மளக் கெடுத்ததும் ஆடி, காப்பாத்துனதும் ஆடியா?"

"இன்னும் காப்பாத்தலீங்க," என்றேன். ஆவணிக்கு மூன்று வாரம் சொச்சம்தான் இருந்தது.

ஆர்டர்கள் தேங்கிக் கிடந்தன. இரண்டாவது ஷிப்டும் ஓட்டினால் ஆவணிக்குள் தேறும் என்று அவர் கணக்குப் போட்டார். எந்த நாளில் ஆரம்பிப்பது என்று அவர் என்னைக் கேட்கவில்லை. நேராக ஷெட்டுக்குப் போய் விளக்கைப் போட்டு லேத்தை ஓட விட்டார். நான் கடலையை உரித்து அவருக்குக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.