கொடுக்கப்படாத சிரிப்பு

பல்செட் செய்வதுதான் அவள் பிழைப்பு. அடுத்தவர் வாய்க்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறவள் என்று கணவன் கேலி செய்வான். வாரம் ஒருமுறை தியான மண்டபத்துக்குப் போவாள். அங்கே எல்லோரும் ஒரே குரலில் ஐந்து உறுதிமொழிகளைச் சொல்வார்கள். மெழுகிலும் பிளாஸ்டரிலும் பழகிய கை என்பதால், மண்டபத்துக்குப் புத்தர் சிலை செய்யும் பொறுப்பு அவள் தலையில் வந்து விழுந்தது.

களிமண்ணில் கண், நெற்றி எல்லாம் கூடிவந்தன. வாய் மட்டும் மூன்று மாதமாகப் பிடிகொடுக்கவில்லை. திடீரென்று ஒரு மாலை அதுவும் வந்தது. பார்த்தவர்கள் தம்மையறியாமல் கைகூப்பினார்கள். செய்தவளும்தான். இது தன் கையால் ஆனதா என்று விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

அந்த வாரம் உறுதிமொழி சொல்லும்போது, "கொடுக்கப்படாததை எடுக்கமாட்டேன்" என்ற இடத்தில் அவள் குரல் நின்றுவிட்டது. அந்தச் சிரிப்பு யாருடையது என்று அப்போதுதான் உறைத்தது. காய்கறிக் கடை அக்காவுடையது. புதுப் பல்லைப் பொருத்திக் கண்ணாடியை நீட்டியபோது, உதட்டை மூடி ஒரு கணம் தன்னையே பார்த்துக்கொண்டாரே, அது.

"சிரிப்பையெல்லாமா திருட்டுல சேர்ப்பாங்க? விட்டுத்தள்ளு," என்றான் கணவன்.

"அவங்க குடுக்கல. நானா எடுத்துட்டேன். போய்க் கேக்கணும்."

"வேணாம்னுட்டா?"

"சுரண்டிடுவேன்."

"மூணு மாசம்டி!"

"தெரியும்."

மறுநாளே விஷயத்தைச் சொல்லி, அக்காவைச் சிலையிடம் அழைத்து வந்தாள். வழியெல்லாம் அக்காவுக்குச் சிரிப்பு.

"என் வாயா? இந்த வாய்கிட்ட திட்டு வாங்காத ஆளு மார்க்கெட்ல உண்டா? ஆள் மாறி வந்துட்டியேம்மா!"

அவள் சிலையின் மேலிருந்த ஈரத்துணியை எடுத்தாள். அக்காவின் பேச்சு அறுந்தது. மெழுகு செதுக்கும் கத்தியை அவள் தயாராகக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நான் இப்படியா இருக்கேன்?"

"அன்னைக்கு ஒரு நிமிஷம் இருந்தீங்கக்கா. கேக்காம எடுத்துட்டேன். வேணாம்னா சொல்லுங்க, இப்பவே அழிச்சுடறேன்."

"அடி போடி! கத்தியக் கீழ போடு மொதல்ல. இந்தா, குடுத்துட்டேன். வெச்சுக்க."

அதைச் சொன்னபோது அக்காவின் முகத்தில் ஒன்று மலர்ந்தது. சிலையில் அது இல்லை. கண்ணாடி பார்த்த அந்த நாளிலும் இருந்ததில்லை. அவள் கை தானாகவே ஈரமண்ணை நோக்கி எழுந்தது. பாதியில் அதை இறக்கிக்கொண்டு, வெறுமனே பார்த்தபடி நின்றாள்.