கதவுக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சேலை

பழைய காலத்துப் படம் என்று எதைப் போட்டாலும் எனக்குக் கதையில் மனம் போகாது. கதாநாயகியின் ரவிக்கையில்தான் போய் நிற்கும். சுதந்திரத்துக்கு முந்தைய கதை என்பார்கள். முதுகில் ஜன்னல் வைத்துத் தைத்திருப்பார்கள். "நீ படம் பாக்க வந்தியா, தையல் கடைக்கு வந்தியா?" என்று என் கணவர் கேட்பார். அவர் போய் இரண்டு வருடம் ஆகியிருந்த ஒரு கோடை விடுமுறையில், அப்படி ஒரு படத்தில் நானே போய் நின்றேன்.

திருமயம் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் படப்பிடிப்பு. எண்பது வருடத்துக்கு முந்தைய கல்யாணக் காட்சிக்குக் கூட்டம் வேண்டுமென்று வல்லத்திராக்கோட்டையிலிருந்து எங்களை வேனில் அழைத்துப் போனார்கள். சினிமா என்றதும் எங்கள் பெண்கள் சும்மா வருவார்களா? முதல் நாளே டவுனுக்குப் போய்ப் புருவம் திருத்தி, நகப்பாலிஷ் பூசி, ஆரி வேலை செய்த ஜாக்கெட்டோடு வந்து இறங்கினார்கள். உடைகளுக்குப் பொறுப்பான பெண் சென்னைக்காரர். எங்களைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அக்கா, அந்தக் காலத்துல பார்லர் ஏதுக்கா?"

ஆனால் கோபிக்கவில்லை. மையால் புருவங்களை அடர்த்தியாக்கினார், பாலிஷை அழித்தார், சேஃப்டி பின்களையெல்லாம் பிடுங்கி வைத்துக்கொண்டார். கண்டாங்கிச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றி, கொசுவத்தைப் பின்பக்கம் வைத்து அவர் கட்டிவிட்ட அழகை என்னவென்று சொல்வது! ஒவ்வொருத்திக்கும் நடையே மாறிப்போனது.

கடைசியில் ஒரு வெள்ளைச் சேலை மிஞ்சியது.

"கல்யாண வீட்டுல கதவுக்குப் பின்னாடி ஒருத்தங்க நின்னு எட்டிப் பாக்கணும். அப்ப அவங்கள அப்படித்தான் வெச்சிருந்தாங்க. அதை விட்டுட்டு அழகை மட்டும் காட்டுனா பொய்யாயிடும்" என்றார்.

புருஷன் உயிரோடு இருக்கிறவள் எங்கள் ஊரில் விளையாட்டுக்குக்கூட வெள்ளை கட்டமாட்டாள். எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். என் எதிர்வீட்டுக்காரிதான் என்னைக் காட்டி வழி சொன்னாள். "டீச்சரக்கா கட்டிக்கிருவாங்க. அவங்களுக்கு என்ன இருக்கு?"

சுருக்கென்றது. அவள் கெட்டவள் இல்லை. என் கணவர் இறந்தபோது எங்கள் வீட்டுக்குச் சோறாக்கிக் கொண்டுவந்தவள். பூ வைக்காதே என்று என்னிடம் யாரும் சொன்னதும் இல்லை. நானாகத்தான் விட்டேன், கலர் சேலைகளையும் மடித்து உள்ளே வைத்தேன். ஆனாலும் அந்தக் கதவுக்குப் பின்னால் போய் நில் என்றபோது பொறுக்கவில்லை. சரித்திரத்துக்கு என்னைவிடப் பொருத்தமானவள் யார் என்று வீம்பாகக் கையை நீட்டினேன்.

அந்தச் சென்னைக்காரர் சேலையைத் தரவில்லை. "உங்களுக்கு எதைக் கட்டிக்கணும்னு ஆசைக்கா?" என்று கேட்டார்.

அந்த இரண்டு வருடத்தில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி. "அந்த அரக்கு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அரக்குக் கண்டாங்கியைக் கட்டிவிட்டு, தலை நிறைய மல்லிகை வைத்து, என்னை மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பிறகு தன் பொட்டை அழித்து, தாலியை உள்ளே மறைத்து, வெள்ளையைத் தானே கட்டிக்கொண்டார். "ஐயோ, என்னங்க மேடம் இது!" என்று எங்கள் ஆட்கள் பதறினார்கள்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆகாது. அவருக்கு பிரஷர்கூடக் கிடையாது" என்று சொல்லிவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றார்.

படம் வந்தபோது அந்தக் காட்சி கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. ஆனால் ஒரு சேலைகூடத் தப்பில்லை. கதவிடுக்கில் அந்த வெள்ளையும் இருந்தது. தியேட்டரிலேயே அழுதுவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் எனக்குத் தீராது.

படப்பிடிப்பு முடிந்த சாயங்காலம் கண்டாங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் வெளிர் நிறச் சேலையோடு வேனில் ஏறினேன். பூ மட்டும் தலையில் இருந்தது. ஊர் நெருங்கியதும் எடுத்துவிடலாமென்று கையைக் கொண்டுபோனேன். பின் சீட்டிலிருந்து எதிர்வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டுங்கக்கா. காலையில நான் சொன்னத மனசுல வெச்சுக்காதீங்க."

தன் தலையிலிருந்த ஹேர்பின்னை எடுத்து, நழுவிய சரத்தை அழுத்திக் குத்திவிட்டாள்.

வேன் நின்றது. பூவோடு இறங்கி வீட்டுக்கு நடந்தேன்.