பஞ்சாட்சரம் தங்கிய ஓட்டல்

ஜவ்வாது மலையில் ஓட்டல் என்றால் சாப்பிடுகிற இடம். கீற்றுக் கொட்டகை, வாசலில் பாய்லர், கண்ணாடிப் பெட்டிக்குள் நேற்றைய பன். படுத்துத் தூங்குகிற இடத்துக்கு லாட்ஜ் என்று பெயர். அதுவும் கோர்ட்டு வழக்கென்று வேலூருக்கு அலைந்தவர்களுக்குத்தான் தெரியும். படித்தவர்கள் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்திருப்பது மலையில் யாருக்கும் தெரியாது. தெரியாதது குற்றமும் இல்லை. ஆனால் பஞ்சாட்சரத்தின் குடும்பம் அந்த ஒரு சொல்லில் தடுக்கி விழுந்தது.

காவலூரில் நட்சத்திரம் பார்க்க வருகிறவர்கள் தங்கும் விடுதியில் அவன் சமையல்காரன். ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரம். மனைவி செந்தாமரைக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தங்காமல் போயின. எழுபத்தேழில் மூன்றாவது தங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. கல்லைக் கண்டால் கூட அவள் சுற்றித்தான் நடப்பாள். அவனும் குடம் தூக்கவிடாமல் தானே தண்ணீர் சுமந்தான். ஊரார் கேலி செய்ததை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த மழைக்காலத்தில் நட்சத்திரம் பார்க்கும் கருவியைப் பழுது பார்க்க ஒரு வெளிநாட்டு என்ஜினீயர் வந்திருந்தார். மலைக்காரர்கள் அவருக்கு நெட்டைத் துரை என்று பெயர் வைத்தார்கள். வயிற்றுக் கோளாறு வந்து படுத்தவரை மெட்ராசுக்குக் கொண்டுபோய்த் தங்க வைத்தார்கள். டாக்டர் மருந்து கொடுத்தார், ஆனால் சாப்பிட்டது எதுவும் உள்ளே நிற்கவில்லை. மலையில் பஞ்சாட்சரம் வைத்துக் கொடுத்த சாமைக் கஞ்சிதான் வேண்டும் என்று அவர் அடம் பிடிக்க, ஆபீசில் இவனைக் கூப்பிட்டுப் போய்வரச் சொன்னார்கள்.

"எட்டு மாசந்தான் ஆவுது, போய்ட்டு வா மாமா. ஆனா சொன்னா சொன்னபடி வந்துடணும்" என்றாள் செந்தாமரை.

"வந்துட்றேன். யார்னா கேட்டா, மெட்ராஸ்ல பெரிய ஓட்டல்ல இருக்கேன்னு சொல்லு. வெள்ளக்காரன் காலத்து ஓட்டலாம். சென்ட்ரல்ல எறங்கி யாரக் கேட்டாலும் சொல்லுவாங்களாம்." ஜீப் டிரைவர் சொன்னதை அப்படியே சொன்னான். கொஞ்சம் பெருமையும் இருந்தது.

போய்ப் பார்த்தால் அது ஓட்டல் மாதிரியே இல்லை. வெள்ளைத் தூண்கள், வாசலில் இரண்டு கல் சிங்கம், தலைப்பாகை கட்டிய மீசைக்காரக் காவலாளி. தரையில் முகம் தெரிந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே மாடி ஏறினான். துரையின் அறையை ஒட்டி ஒரு சின்ன அறை அவனுக்கென்று கொடுத்தார்கள். கட்டிலில் விரித்திருந்த வெள்ளையைக் கசக்கப் பயந்து முதல் ராத்திரி கீழேயே படுத்தான். அந்தக் கம்பளமே அவன் வீட்டுப் பாயைவிட மெத்தென்றிருந்தது.

சமையலறையில் உயரத் தொப்பி வைத்த பெரிய சமையல்காரர் சாமையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து, "இன்னாபா இது, குருவிக்குப் போட்றதா?" என்றார். ஆனாலும் ஒரு அடுப்பை ஒதுக்கிக் கொடுத்தார். துரை இரண்டு கிண்ணம் குடித்தார், உள்ளே நின்றது. அன்றிலிருந்து அந்த மாளிகையில் பஞ்சாட்சரத்துக்கும் ஒரு மரியாதை வந்தது.

குளியலறைதான் அவனை மயக்கிவிட்டது. குழாயைத் திருகினால் வெந்நீர். விறகில்லை, புகையில்லை. ஆள் படுக்கிற அளவுக்குப் பீங்கான் தொட்டி. செந்தாமரை இதைப் பார்த்தால் என்ன சொல்வாள் என்று நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டான்.

துரை தேறியதும், அடுத்த நாள் காலையில் வண்டியில் ஸ்டேஷனுக்கு அனுப்புகிறோம் என்று சொன்னார்கள். "இன்னும் ஒரு நாள் இருந்து பாத்துட்டுப் போறேங்க" என்றான். துரைக்காக என்று தன்னிடமே சொல்லிக்கொண்டான். உண்மை என்னவோ வெந்நீரும் வெள்ளைப் படுக்கையும்தான். ஆசைப்பட்டால் என்ன தப்பு? பிறந்ததிலிருந்து கீற்றுக்குக் கீழே படுத்தவன் ஒரு நாள் கூடுதலாக மெத்தையில் படுத்ததற்கு யாருக்கு வயிறு எரிய வேண்டும்?

மலையில் பிள்ளை முந்திக்கொண்டு பிறந்துவிட்டது. பெண் குழந்தை, உயிரோடு. ஆனால் தாய்க்குக் காய்ச்சல் கண்டு ஜன்னியில் கொண்டுபோய் விட்டது. கீழே ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள் உடனே வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வயிற்றை அறுப்பார்கள் என்று உறவுக்காரர்கள் நடுங்கினார்கள். புருஷன் வாய்வார்த்தை இல்லாமல் எப்படி அறுக்கவிடுவது என்று வீட்டுக்கே திரும்பத் தூக்கி வந்தார்கள். தெளிவு வந்த நேரமெல்லாம் செந்தாமரையும், "மாமா வரட்டும்" என்றே சொன்னாள். ஆபீஸ் போன் மழையில் செத்துக் கிடந்தது. அவளுடைய தம்பி அர்ச்சுனன் வாணியம்பாடியில் ரயிலேறி மெட்ராசுக்குப் போனான். போனவன் தனியாகத் திரும்பி வந்தான்.

பஞ்சாட்சரம் கண்ணாடி வளையலோடு மலையேறியபோது அவளைப் புதைத்துவிட்டு ஊரார் எதிரே வந்தார்கள். அவன் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஓட்டல் ஓட்டலா ஏறி எறங்கினேன் மாமா. நீ கெடைக்கல" என்று அர்ச்சுனன் காலைப் பிடித்து அழுதான். பஞ்சாட்சரம் நம்பவில்லை. பட்டணத்தைப் பார்த்து மிரண்டு பாதியில் ஓடி வந்துவிட்டான் என்று முடிவு கட்டினான். அதற்குப் பிறகு மைத்துனன் முகத்தில் விழிக்கவில்லை. எதிரே வந்தால் வேறு பாதையில் போனான். சமையல் வேலையை விட்டு, சாமையும் கேழ்வரகும் விதைத்து, மகள் மாதம்மாளை வளர்த்தான். இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ளச் சொன்னவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினான்.

மாதம்மாளுக்கு ஏழு வயதாயிற்று, காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எப்படிக் குத்துவது? வேறு வழியில்லாமல் பஞ்சாட்சரமே போய்க் கூப்பிட்டான். அர்ச்சுனன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். கம்மல் வாங்க இருவரும் ஒடுகத்தூருக்கு இறங்கினார்கள். வாங்கிய பிறகு பசி. சந்தைக்குப் பக்கத்து ஓட்டல் வாசலில் அர்ச்சுனன் நின்றுவிட்டான்.

"நீ போயி சாப்டு மாமா. நான் இங்கயே நிக்கிறேன்."

"இன்னாத்துக்கு?"

"ஓட்டலுக்குள்ள கால வெச்சா அக்கா ஞாபகம் வந்துடுது."

இத்தனை வருஷமும் கேட்காததை அன்றைக்குத்தான் பஞ்சாட்சரம் கேட்டான். அர்ச்சுனன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "காலைல எறங்கி ஓட்டல் எங்கன்னு கேட்டுக்கினே போனேன் மாமா. ஒவ்வொண்ணா பூந்து எல எடுக்கறவன் மூஞ்சி வரைக்கும் பாத்தேன். மத்தியானம் ஒரு அரமன வாசல்ல போயி நின்னேன். தலப்பா கட்டின மீசக்காரரு நின்னுக்கினு இருந்தாரு. 'ஐயா, இங்க பெரிய ஓட்டல் எங்க இருக்குதுங்க'ன்னு கேட்டேன். பசியில வந்திருக்கேன்னு நெனச்சிக்கினாரு போல. தண்ணி குடுத்து, தெரு முனையில ஒண்ணு இருக்குது, சோறு நல்லாருக்கும்னு கை காட்டி உட்டாரு. நல்ல மனுசன். அங்கயும் போயிப் பாத்தேன். நீ இல்ல."

பஞ்சாட்சரம் அவன் கையைப் பிடித்தான். "வாசல்ல கல்லு சிங்கம் இருந்திச்சா?"

"ஆமா மாமா, ரெண்டு. ஒனக்கு எப்டித் தெரியும்?"

அர்ச்சுனன் வந்து நின்ற அந்த மத்தியானம், மாடியில் பஞ்சாட்சரம் வெந்நீர்த் தொட்டியில் கழுத்து வரை கிடந்தான். கூடுதலாகக் கேட்டு வாங்கிய நாள் அது. கூப்பிட்டிருந்தால் காதில் விழுந்திருக்கும். துரையிடம் சொன்னால் வண்டியே கிடைத்திருக்கும். செந்தாமரை பிழைத்திருப்பாள். ஏழு வருஷமாகக் கோழை என்று வெறுத்தவன் வாசல் வரை வந்திருக்கிறான். ஓவென்று கத்தி அழ வேண்டும் என்று வந்தது. எதிரே அர்ச்சுனன் பதிலுக்குக் காத்து நின்றான். உண்மையைச் சொன்னால் இவன் சாகிற வரைக்கும் அந்த வாசலிலேயே நிற்பான்.

"நானுந்தான் மெட்ராஸ்ல சுத்துனனே, அந்தப் பக்கமா போயிருக்கேன்" என்றான் பஞ்சாட்சரம். "அது யாரோ ராஜா வூடுடா. ஓட்டல் இல்ல."

அர்ச்சுனன் பெருமூச்சு விட்டான். "நானும் அப்டித்தான் மாமா நெனச்சேன்" என்று சொல்லி, அவன் பின்னாலேயே உள்ளே வந்து இலை முன் உட்கார்ந்தான். பசியோடு பிசைந்து சாப்பிட்டான். பஞ்சாட்சரத்துக்குத்தான் ஒரு கவளம்கூட இறங்கவில்லை.